நேரில் பார்த்த சில நொடிகளில் என்ன நடக்கிறது?

ஆட்டிசம் இருப்பது வளர்ந்த பிறகே தெரியவந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டேட்டிங் ஆப்பில் மணிக்கணக்கில் நன்றாகத்தான் பேசுகிறோம், நேரில் போனால் காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். என்னிடம் என்ன குறை?" குறையா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். இந்த வித்தியாசம் உங்கள் பிரமை இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் நோயல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு என்பதெல்லாம் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசனும் கூட்டாளிகளும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் 20 பேர், இல்லாதவர்கள் 20 பேர். டிவி போட்டிக்கு ஆள் எடுப்பது போல் வைத்து, தங்களைப் பற்றிப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த வேலைதான். அந்தப் பேச்சைப் பிரித்துப் போட்டார்கள்: மதிப்பெண் போட அழைத்த கல்லூரி மாணவர்களில் சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்குச் சத்தமில்லாத வீடியோ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு அசையாத ஒரு படம், சிலருக்குப் பேசியதை எழுத்தாக்கிய தாள் மட்டும். இவரோடு பேச்சுக் கொடுப்பீர்களா, பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டார்கள்.

குரலைக் கேட்டவர்களும் படத்தைப் பார்த்தவர்களும், யாருக்கு ஆட்டிசம் என்று தெரியாமலேயே, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள், அதுவும் சில நொடிகளில். தாளைப் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு காணாமலே போய்விட்டது! அதே ஆள், அதே சொற்கள். ஆக, சொன்ன விஷயத்தில் கோளாறே இல்லை, குரலின் ஏற்ற இறக்கம், பார்வை, முகபாவம், உட்காரும் விதம் இவை பழக்கமில்லாதபடி இருந்ததுதான் எதிராளியை விலக வைத்திருக்கிறது. ஆப்பில் நீங்கள் ஜெயிப்பதும் காபி கடையில் தோற்பதும் இதனால்தான் என்று தோன்றுகிறது.

அப்படியானால் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிக்கொள்ளலாமே என்பார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிராளியின் கண்ணையே பார்க்கும்போது மூளையில் பயத்தையும் ஆபத்தையும் உணரும் அமிக்டலா போன்ற பகுதிகள் அளவுக்கு மீறி விழித்துக்கொள்வதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அவர்களைப் பொறுத்தவரை அது கூசும் வெளிச்சத்தைப் பார்ப்பது மாதிரி. அதை அடக்கி நடித்துக்கொண்டே, மிக்ஸி சத்தத்துக்கு நடுவில் அடுத்த வாக்கியத்தையும் யோசிக்க வேண்டும். நடிப்பு களைப்பைத்தான் தரும், தைரியத்தைத் தராது.

சாசன் குழு 2019-இல் இன்னொன்றும் காட்டியது: இவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டால் மதிப்பெண் ஏறுகிறது, ஆட்டிசம் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் இன்னும் நன்றாக. எனவே நேரில் போகும் முன், "நான் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், சத்தமான இடம் வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் நடந்தபடி பேசும் இடமாகப் பாருங்கள், கண் எங்கே போகிறது என்ற கேள்வியே எழாது. ஓடிப்போகிறவர் மெசேஜைப் பார்த்தே ஓடட்டும், காபிக் காசாவது மிச்சம்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும், நாகதோஷப் பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சரியாக வேண்டியது எதுவுமில்லை, அப்படிச் செய்து வைக்கும் கல்யாணத்தில் வந்து மாட்டுகிறவருக்கும் அநியாயம். ஆராய்ச்சிப் பணமும் பெரும்பாலும் மரபணுவையும் குழந்தைகளையும் சுற்றியே போகிறது. வளர்ந்து, காதலிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மிஞ்சுவது சில்லறைதான். சாசன் செய்த சோதனைக்கு ஒரு கேமராவும் ஒத்துழைக்கும் மாணவர்களும் இருந்தால் போதும், நம் ஊர் உளவியல் துறை ஒன்று தமிழிலேயே செய்து பார்க்கலாம். கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத நம்மிடம் அந்த மதிப்பெண்கள் எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.