பற்றல்: மட்கும் உலோக அயனியும்

மண்ணியலும் சூழலியலும் உரப் பயன்பாடும் குறித்துத் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில் ஒரு தொடர் சலிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஹியூமிக் பொருள்கள் உலோக அயனிகளை உறிஞ்சிக்கொள்கின்றன.’ ஹியூமிக் பொருள்கள் என்பவை இலைதழைகள் சிதைந்து மண்ணில் எஞ்சும் மட்கின் கூறுகள். இத்தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. படிப்பவருக்கு உடனே விளங்கிவிடவும் செய்கிறது. ஆனால் அவருக்கு விளங்குவது ஒன்று, மட்குக்குள் நடப்பது வேறொன்று. அங்கே ‘உறிஞ்சல்’ அன்று, ‘பற்றல்’ என்பதே பொருந்தும் சொல்.

‘ஹியூமஸ்’ என்பது மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதற்குத் தமிழில் ‘மட்கு’ இருக்கிறது. மட்குதல் என்றால் ஒளி மங்குதல், நைந்து அழிதல். பேச்சில் இது ‘மக்கு’ என்றாகி மந்தமானவரையும் சுட்டுவதால், எழுத்தில் ‘மட்கு’ என்றே வைத்துக்கொள்வது நல்லது. 1786-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரான்ஸ் கார்ல் அக்கார்ட், பீட் எனப்படும் சதுப்பு மட்கிலிருந்து காரக் கரைசலைக் கொண்டு ஹியூமிக் பொருளைப் பிரித்தெடுத்தார். காரத்தில் கரைந்து, கடும் அமிலத்தில் வீழ்படிவாவது ஹியூமிக் அமிலம். இரண்டிலும் கரைவது ஃபல்விக் அமிலம். எதிலும் கரையாதது ஹியூமின். இந்தப் பாகுபாடு இன்றும் வழங்குகிறது.

‘உறிஞ்சல்’ வந்த வழியும் இலத்தீன் வழிதான். உள்ளிழுத்துக் குடித்தலைக் குறிக்கும் ‘சொர்பேரே’ என்ற வினையிலிருந்து ‘அப்சார்ப்ஷன்’ பிறந்தது. மேற்பரப்பில் மட்டும் ஒட்டுவதைப் பிரித்துச் சொல்ல 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கெய்சர் ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்தார். ஒரு பொருள் உள்ளே போகிறதா, மேலே ஒட்டுகிறதா என்பதை அறுதியிட முடியாத இடத்துக்காக, முன்னொட்டைக் கழற்றிவிட்டு ‘சார்ப்ஷன்’ என்று 1909-இல் வேதியியலாளர் மெக்பெயின் ஆக்கினார். அது ‘எப்படி என்று இப்போது சொல்லவில்லை’ என்று அடக்கமாக விலகி நிற்கும் சொல். நம்மவர்கள் அதன் வேரை மட்டும் பார்த்து ‘உறிஞ்சல்’ என்று பெயர்த்தார்கள். விலகி நின்ற சொல், எல்லாவற்றையும் அறுதியிட்டுச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

தமிழில் உறிஞ்சுதல் என்றால் உறிஞ்சும் ஒன்று இருக்க வேண்டும். அது இழுக்க வேண்டும். இழுபட்டது அதன் உள்ளே நிறைய வேண்டும். அட்டை உறிஞ்சும், குழந்தை உறிஞ்சும், வேர் உறிஞ்சும். மட்கு இவ்வாறு எதையும் இழுப்பதில்லை. நீரில் இருக்கும் செம்பு அயனி வெப்ப அசைவால் திசையின்றி அலைந்து, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே கலந்து செல்கிறது. 1855-இல் அடால்ஃப் ஃபிக் வகுத்த விதி இதற்கு உரியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள ‘விரவல்’ இதற்கு மிகப் பொருத்தமான சொல். ‘பரவல்’ என்பது நோய்க்கும் செய்திக்கும் பொதுவாகிப்போனது. இவ்வாறு விரவிவரும் அயனி, மட்கின் மூலக்கூறுகளில் உள்ள கார்பாக்சில், பீனால் என்னும் ஆக்சிஜன் கொண்ட அணுத்தொகுதிகளில் சிக்கிக்கொள்வது இரண்டாம் நிகழ்ச்சி. விரவல் வேறு, சிக்குதல் வேறு. ‘உறிஞ்சல்’ இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். கணக்கில் குறைகிறது. தடையற்ற நீரில் ஒரு செம்பு அயனி ஒரு மில்லிமீட்டர் தொலைவு விரவ ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். மட்குக் கூழில், எந்த நேரத்திலும் நூறு அயனிகளில் ஒன்றே கட்டற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கூழின் பிற தடைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அதே தொலைவுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிவிடும். ஆக, சிக்குதல்தான் விரவலைத் தாமதப்படுத்துகிறது. ‘மட்கு வலுவாக உறிஞ்சுகிறது’ என்று படிக்கும் மாணவர், உலோகம் விரைந்து உள்ளே பாய்கிறது என்றுதானே எண்ணுவார்? நடப்பது அதற்கு நேர்மாறு. வலுவாகப் பிடிபடுவதாலேயே உலோகம் மெதுவாக ஊடுருவுகிறது.

வேல்சில் டோல்கெத்லை நகருக்கு அருகே ஒரு சதுப்பு உண்டு. செம்புத் தாது கரைந்த நீர் காலங்காலமாக அதன் பீட் படிவத்தில் ஊறிவந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பீட்டை வெட்டி, உலர்த்தி, சூளையில் எரித்து, சாம்பலிலிருந்து செம்பு எடுத்தார்கள். பீட் செம்பை உறிஞ்சி வைத்திருந்தது என்றால் பிழிந்தல்லவா எடுத்திருக்க வேண்டும்? பீட் உறிஞ்சியது நீரை. அந்த நீரைப் பிழியலாம். செம்பு பிழிந்தால் வருவதில்லை.

தமிழ்ப் பேச்சு இந்த வேறுபாட்டை எப்போதோ கண்டுகொண்டது. துணி தண்ணீரை உறிஞ்சும். சாயம் துணியில் பற்றும். துணி சாயத்தை உறிஞ்சுவதாகச் சாயத் தொழிலாளர் சொல்வதில்லை. சாயம் பற்றியது, பற்றவில்லை என்றே சொல்கிறார்கள். எழுவாய் எது என்பதைக் கவனிக்க வேண்டும்: பற்றுவது சாயம். அதைப் போலவே உலோகம் மட்கில் பற்றுகிறது. அலைந்து வருவது அதுவே, நிலைகொள்வதும் அதுவே.

பாடநூலில் உள்ள ‘பரப்புக் கவர்ச்சி’ போதாதா என்று சிலர் கேட்பார்கள். கரித்தூளுக்கும் களிமண்ணுக்கும் அது போதும். நீரில் ஊதி நிற்கும் மட்கோ கூழ் போன்றது. அயனிகள் அதனுள்ளே போய்வருகின்றன. உள்ளும் புறமும் பிரிக்க முடியாத ஒன்றுக்குப் பரப்பு எங்கே இருக்கிறது? மேலும் ‘கவர்ச்சி’ என்ற சொல்லைத் திரைப்படச் செய்திகள் நெடுங்காலமாகக் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன.

‘கொடுக்கு இணைப்பு’ இவற்றைவிட மேலான சொல். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் வேதியியலாளர்கள் மார்கனும் ட்ரூவும் ஆக்கிய ‘கிலேட்’ என்பதன் நேரான, அழகான பெயர்ப்பு அது; ஒரு மூலக்கூறு உலோக அயனியை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கவ்விப் பிடிப்பதைச் சொல்வது. ஆனால் மட்கில் நடப்பதன் ஒரு பகுதிக்கே அது பொருந்தும். செம்பும் ஈயமும் பல கைகளுக்கு இடையில் இறுகச் சிக்குகின்றன. கால்சியத்திலும் மக்னீசியத்திலும் பெரும்பங்கு, எதிர்மின்சுமை கொண்ட மட்கின் சுற்றுப்புறத்தில் தளர்வாகத் தேங்கி நிற்கிறது. தேங்கி நிற்பதையும் கொடுக்கு இணைப்பு என்று எழுதுவது துல்லியம் ஆகாது. ‘பிணைப்பு’ என்றாலும் இதே சிக்கல்தான். வேதியியலில் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைக் குறிக்கும் கடமை அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. பற்றலோ தளர்ந்தும் இருக்கலாம், இறுகியும் இருக்கலாம். ஆகவே பொதுப்பெயர் ‘பற்றல்’ என்றும், அதனுள் ஒரு வகை ‘கொடுக்கு இணைப்பு’ என்றும் வைத்துக்கொண்டால் இடர்ப்பாடு இல்லை.

மறுதலைச் செயலுக்கும் வழி பிறக்கிறது. அமிலத்தன்மை ஏறினால் ஹைட்ரஜன் அயனிகள் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன, உலோகம் விடுபடுகிறது. பற்றலுக்கு எதிர் விடுபடல் என்பது தமிழில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத இணை. உறிஞ்சலில் நிற்பவர்கள் ‘உமிழ்தல்’ என்று எழுத நேரிடும்; மட்கு துப்புவதாகவும் நாம் படிக்க நேரிடும்.

உழவருக்கான குறிப்புகளில்தான் இந்தக் குழப்பம் தீங்காக முடிகிறது. ‘மட்கு துத்தநாகத்தை உறிஞ்சிப் பயிர் உறிஞ்ச உதவுகிறது’ என்ற வகையில் எழுதுகிறார்கள். துத்தநாகம் இப்போது யாரிடம் இருக்கிறது? பற்றியிருக்கும் உலோகம் எல்லாம் பயிருக்குக் கிடைப்பதில்லை. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் புதிதாகத் திருத்திய பீட் நிலங்களில் பயிர்கள் செம்பு கிடைக்காமல் நலிந்தன. செம்பு சல்பேட்டு இட்ட பிறகே தேறின. ‘துத்தநாகம் மட்கில் பற்றி நிற்கிறது, விடுபடும் அளவை வேர் உறிஞ்சுகிறது’ என்று எழுதினால் ஒரு சொல்லும் கடினமில்லை, வேருக்கு உரிய வினையும் வேரிடமே இருக்கும்.