சின்ட்ரோம்: நோயல்ல, பிழைச்சுவடு

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு மாணவர்களின் சிப் வடிவமைப்புத் திட்டங்களைப் பார்க்கப் போயிருந்தேன். வழியில் கெட்டுவந்த தரவைச் சரிசெய்யும் சுற்றான பிழை திருத்தும் டீகோடர் ஒன்றின் கட்டப்படத்தில் முதல் கட்டத்துக்கு ‘நோய்க்கூட்டறிகுறிக் கணிப்பி’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘சின்ட்ரோம்’ என்பதன் மொழிபெயர்ப்பு. இந்த ஆண்டில் மூன்றாவது தடவையாக இதைப் பார்க்கிறேன். அந்தக் கட்டம் கணிக்கும் மதிப்பு பூச்சியமாக இல்லையென்றால் என்ன பொருள் என்று கேட்டேன். “சிப்புல ஏதோ கோளாறுங்க சார்” என்றான் பையன்.

அவன்மேல் தப்பில்லை. நோய் என்று எழுதிவைத்தால் மனம் நோயாளியைத்தான் தேடும். சிப் நன்றாகத்தான் இருக்கிறது. வழியில் இரைச்சல் பட்டுக் கெட்டது வந்துசேர்ந்த பிட், அதாவது ஒரு 0 அல்லது 1.

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். சேர்ந்துவரும் அறிகுறிகளுக்கு மருத்துவர்கள் ‘சின்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார்கள். பிழை திருத்தும் குறிமுறைகளை வகுக்கிறவர்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். அவ்வளவுதான்.

ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் 1950இல் வெளியிட்ட பிழை திருத்தும் முறையில் 4 தரவு பிட்டுகளோடு 3 சோதனை பிட்டுகள் போகும். சோதனை பிட்டுகளை 1, 2, 4ஆம் இடங்களில் வைத்தால், பெறும் பக்கத்தில் மூன்று எக்ஸார் சுற்றுகள் (1கள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இல்லையென்றால் 0 தருபவை) தரும் விடையே பிழையின் இருப்பிடம். 101 வந்தால், அது இரும எண்ணில் 5, எனவே 5ஆவது பிட்டைத் திருப்பிப்போட வேண்டும். 000 என்றால் சரி, அப்படியே விடலாம். அனுப்பிய செய்தி எதுவாக இருந்தாலும் 5ஆவது பிட் மட்டும் கெட்டால் 101தான் வரும். இந்த எண் பிழையை மட்டுமே சார்ந்தது. இதை ‘நோய்’ சொல்கிறதா?

‘பிழைக்குறி’ என்று சிலர் எழுதுகிறார்கள். நோயைவிடத் தேவலை. ஆனால் கோடுக்கும் (code) குறி, சிம்பலுக்கும் குறி, இதற்கும் குறி என்றால் ரீட்-சாலமன் என்ற இன்னொரு பிழை திருத்தும் முறையின் டீகோடரை விளக்க உட்காருபவர் ஒரே வரியில் மூன்று குறியில் சிக்கிக்கொள்வார்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் விடிகாலையில் குளம்படி கிடந்தால் காட்டுமாடு வந்துபோனது தெரியும். மாட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தத் தோட்டமானாலும் குளம்படி அதேதான். அதனால் ‘பிழைச்சுவடு’ என்கிறேன். இந்தச் சொல் இன்னொன்றுக்கும் இடம் கொடுக்கிறது: சுவட்டைப் பார்த்து ஏமாறவும் செய்யலாம். 1ஆவது பிட்டும் 2ஆவது பிட்டும் சேர்ந்து கெட்டால் சுவடு 011 என்று வரும். டீகோடர் நல்லபடியாக இருந்த 3ஆவது பிட்டைக் கெடுத்துவிடும்.

எனக்கு வருத்தம் மொழிபெயர்க்கிறவர்கள்மேல்தான். அகராதியில் முதலில் கண்ணில்பட்ட மருத்துவச் சொல்லை எடுத்துச் சுற்றுப்படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு எக்ஸாரையாவது போட்டுப் பார்த்திருக்கலாம். பையன் படத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு ‘சுவட்டுக் கணிப்பி’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கட்டம் எதற்கு என்று அவனே சொன்னான்: “சுவட்ட வெச்சு எடத்தக் கண்டுபிடிக்கிறதுங்க.”