கல்லீரல் கொடுக்கும் தாய்க்கு எந்த மயக்க மருந்து?

பித்தநாளங்கள் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்குத் தன் கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுக்க வரும் தாய் நோயாளி அல்லர். நலமாக வருகிறவரை நலமாகவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அறுவை மருத்துவர் ரஸ்ஸல் ஸ்ட்ராங் குழுவினர் ஒரு தாயின் கல்லீரல் பகுதியை மகனுக்கு வெற்றிகரமாகப் பொருத்திய நாள் முதல், மயக்கவியல் மருத்துவர்கள் சுமக்கும் பொறுப்பு இது.

மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவதே கல்லீரல்தான். அந்தக் காலத்து மயக்க வாயுவான ஹாலோத்தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே சிதையும். அதில் பிறக்கும் ட்ரைஃபுளூரோஅசெட்டைல் கூறு கல்லீரல் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, அவற்றை அந்நியம் என்று கருதி உடலின் எதிர்ப்பாற்றலே சிலரைத் தாக்கியது. பின்னர் வந்த மயக்க வாயுவான டெஸ்ஃப்ளூரேன் சிதைவதோ சுமார் 0.02 விழுக்காடுதான். இன்னொரு வாயுவான செவோஃப்ளூரேன் 2 முதல் 5 விழுக்காடு வரை சிதைந்தாலும் அந்தக் கூறு உருவாவதில்லை. ஹாலோத்தேனின் இடத்தைப் பெரும்பாலும் இவை போன்ற புதிய வாயுக்கள் பிடித்துவிட்டன. தசை தளர்த்த சிஸ்அட்ராகூரியம் நல்ல தேர்வு: உடல் வெப்பத்திலும் இரத்தத்தின் காரத்தன்மையிலும் அது தானாகவே சிதைந்துவிடும், பெரும்பாலும் கல்லீரலை எதிர்பார்ப்பதில்லை.

சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் இடப்பக்க ஓரப் பகுதியே போதும்; அது தாயின் கல்லீரலில் ஏறக்குறைய கால்பங்கு. மீதி முக்கால்பங்கு இருப்பதால், நவீன வாயுக்களுக்குள் எது என்பதைவிட இரத்தமும் வலியும்தான் பெரிய கேள்விகள் என்பேன். கல்லீரலை வெட்டும்போது மையச் சிரை அழுத்தம் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரைகளின் அழுத்தம்) மிகுந்திருந்தால் கல்லீரல் சிரைகள் புடைத்து இரத்தம் பெருகும். அதனால் வெட்டி முடியும்வரை திரவத்தை அளந்தே செலுத்துகிறார்கள். ஆனால் மிகவும் குறைத்தால், மிஞ்சியிருக்கும் கல்லீரலுக்கும் குழந்தைக்குப் போகும் துண்டுக்கும் இரத்த ஓட்டம் குன்றும்.

வலிக்கு முதுகில் வைக்கும் எபிடியூரல் குழாய் அருமையான நிவாரணம் தரும். ஆனால் இரத்தத்தை உறையவைக்கும் காரணிகளைச் செய்வதும் கல்லீரலே. அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களில் உறைதல் மந்தப்படக்கூடும். அந்நேரத்தில் குழாயை உருவினால் தண்டுவடத்தருகே இரத்தம் கட்டி, கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் நலமாக வந்த தாய்க்கு அரிதான ஆபத்தும் அதிகமே. இரத்த உறைதல் பரிசோதனையின் அளவு சீரான பிறகே குழாயை எடுக்கிறார்கள். குழாயே வேண்டாமென்று, தண்டுவடத் திரவத்தில் ஒரே முறை சிறிதளவு மார்ஃபின் செலுத்தி, சுவாசத்தைக் கண்காணிக்கும் குழுக்களும் உண்டு.