பந்தல் பச்சையாக இருந்தால் கார்பன் சேர்ந்துவிடுமா?

திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) முடிந்த கையோடு குச்சியை வரப்போரம் குவித்துக் கொளுத்துவது; அடுத்த வாரமே "நம்ம தோட்டத்துக்குக் கார்பன் காசு எவ்வளவு வரும் சார்?" என்று, தோட்டம் காற்றிலிருந்து இழுத்துச் சேமிக்கும் கார்பனுக்குக் கிடைக்கும் பணத்தைக் கேட்பது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டையும் ஒரே ஆளே செய்வது வாடிக்கையாகிவிட்டது. பன்னீர் திராட்சைக்கு ஆண்டு முழுக்க எங்கேனும் ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டே இருப்பதால் புகைக்கும் ஓய்வில்லை. போதாக்குறைக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆசை காட்டிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இலை இழுக்கும் கார்பன் எல்லாம் சேமிப்பு ஆகாது. இலை உதிர்ந்து மட்கிவிடும். பழம் சந்தைக்குப் போகும், தின்றவர் மூச்சில் வெளியேறும். குச்சியை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். ஓராண்டுக்குள் வந்த வழியே திரும்புவதை எந்தக் கணக்கிலும் ஏற்றமுடியாது. பந்தல் எவ்வளவு அடர்த்தி, நிழல் எவ்வளவு குளிர்ச்சி என்பதெல்லாம் இதில் சேராது. கார்பன் தங்குவது தண்டிலும் பந்தல்மேல் ஓடும் தடித்த கிளைகளிலும், வேரிலும், மண்ணிலும்தான்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 670 கொடி. தண்டு, கிளை, வேர் சேர்ந்து ஒரு கொடி காய்ந்த எடையில் 10 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். (ஈர எடையைப் போட்டுக் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள், பச்சை மரத்தில் பாதியளவு தண்ணீர்.) காய்ந்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் கார்பன்; கொடிக்கு 4.5 கிலோ, ஏக்கருக்கு 3 டன். அதுவும் பல ஆண்டு வளர்ச்சி. தோட்டத்தைப் பிடுங்கி விறகுக்குக் கொடுத்தால் அந்த 3 டன்னும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து 11 டன் கரியமில வாயுவாகப் போய்விடும். ஏற்கெனவே நிற்கிற கொடிக்குக் காசும் கிடையாது; புதிதாகக் கூடியதைத்தான் அளப்பார்கள்.

மண் கணக்கோ வேறு. அங்ககக் கரிமம் (மண்ணில் மட்கிய பொருளிலுள்ள கார்பன்) 0.5 சதவீதம் இருந்தால் மேல் 30 சென்டிமீட்டரில் மட்டும் ஏக்கருக்கு எட்டரை டன் கார்பன் இருக்கும். அது 0.6 ஆனாலே கூடுதலாக 1.7 டன். மண் வள அட்டையை எடுத்துப் பாருங்கள்: 0.5க்குக் கீழே என்றால் 'குறைவு'. அந்த மண்ணுக்குப் போகவேண்டியதைத்தான் கொளுத்துகிறீர்கள்.

"சாம்பலும் உரம்தானே?" பொட்டாஷும் சுண்ணாம்பும் மிஞ்சும், சரி. கார்பனும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) புகையோடு போய்விட்டதே! ஏற்கெனவே களர்த்தன்மை (காரம் மிகுதி) உள்ள மண்ணில் காரமான சாம்பலைக் கொட்டுவது வேறு தலைவலி.

நோய்க்குப் பயந்து கொளுத்துவதில் மட்டும் நியாயம் உண்டு. தண்டுத் துளைப்பான் ஓட்டை போட்ட கட்டை, பறவைக்கண் நோய்ப் புள்ளி விழுந்த குச்சி ஆகியவற்றைத் தனியே பிரித்து எரியுங்கள். மற்றதை 2 முதல் 5 சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். நறுக்கியதைப் பச்சையாக மண்ணுக்குள் உழுது விடாதீர்கள். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கொடி வெளுக்கும். பிறகு யூரியா மூட்டையைத் தேடுவீர்கள். மண்ணை மூடும்படி மேலாக மூடாக்குப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் வரும்.

மட்கு உரமாக்குவதென்றால் காய்ந்த குச்சித்தூளும் சாணமும் எடைக்கு எடை. கையில் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. குவியலின் நடுவில் 55 டிகிரி சூடு ஏறவேண்டும். ஏறாவிட்டால் நோய்க்கிருமி சாகாது. வெளிப்பக்கம் உள்ளே வரும்படி புரட்டிக்கொண்டே இருங்கள். சூடு ஏறாத குவியலைத் தோட்டத்தில் கொட்டுவதற்குக் கொளுத்தியே இருக்கலாம்.

இன்னொன்று, தயவுசெய்து ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் டிராக்டர் கருவி) கொஞ்சம் ஓய வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறினால் நீங்கள் போட்ட மட்கு எல்லாம் வேகமாகக் கரைந்து போகும். கொடி வரிசைகளின் இடைவெளியில் தக்கைப்பூண்டோ சணப்பையோ போன்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து, பூவெடுக்கும்போது வெட்டி அப்படியே மேலே பரப்பினால் போதும்.

கட்டணம் கேட்டு வருபவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். எந்த ஆழத்தில் மண் எடுப்பீர்கள்? சொட்டுநீர் விழும் இடத்தையும் நடுப்பாதையையும் தனித்தனியே எடுப்பீர்களா? மண்ணின் அடர்த்தியை அளப்பீர்களா? ஒப்பந்தக் காலம் முடியுமுன் கொடியைப் பிடுங்கினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பட்டா நகலோ ஆதார் நகலோ கைமாறக்கூடாது.