இரண்டடி தள்ளி நில்லுங்கள்

பூனை குட்டி போட்ட வீட்டில் யார் போனிலும் இடம் மிச்சம் இருக்காது. எங்கள் வீட்டில் நான்கு குட்டிகள். அவற்றுக்கு மூன்று வாரம் ஆனபோது ஒரே சாயங்காலத்தில் நூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன், தேறியது ஒன்றே ஒன்று, அதிலும் ஓரத்தில் இருந்த குட்டிக்கு இரண்டு வால். மற்றதில் எல்லாம் மூஞ்சி முழுக்க மூக்கு. போன் பழசாகிவிட்டது என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன், குட்டி முகத்துக்கு அரைச் சாண் தூரத்தில் போனை நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தவன் நான்தானே.

கணக்கு ரொம்ப எளிது. குட்டியின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போன் மூக்கிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருந்தால் காது 16 சென்டிமீட்டரில் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் படத்தில் அளவு பாதியாகும், ஆகவே இங்கே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.6 மடங்கு ஊதிவிடுகிறது. அதே குட்டியை ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 100-க்கு 106, வித்தியாசமே கண்ணில் படாது. வைட் லென்ஸ், அதாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ், முகத்தைக் கெடுக்கும் என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. முகத்தைக் கெடுப்பது தூரம், வைட் லென்ஸ் நம்மை அநியாயத்துக்குக் கிட்டே இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஸூம் வைத்தால் மூக்கு மூக்காகத் தெரியும். ஸூம் இல்லையென்றால் படத்தை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

இதே கணக்கு இன்னொரு இடத்தில் வேறு மாதிரி விளையாடுகிறது. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே தள்ளி அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கை கால், இதெல்லாம் எந்த உயிரிடம் இருந்தாலும் நமக்குக் கொஞ்சத் தோன்றும் என்று 1943-இல் எழுதினார் ஆஸ்திரிய விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ். நின்றபடி மேலிருந்து ஒரு நாய்க்குட்டியைப் படமெடுத்துப் பாருங்கள், தலை லென்ஸுக்குக் கிட்டே, பாதம் எட்டத்தில், ஆக ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலை இன்னும் பெரிதாகி, கால் காணாமல் போய், லோரென்ஸ் சொன்ன பட்டியல் அப்படியே பூதாகரமாகிறது. அந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் உருகுகிறார்கள். எனக்கு அது பொம்மை மாதிரி இருக்கும், பிடிப்பதில்லை. தரையில் கன்னம் பட படுத்து, அதன் கண் மட்டத்தில் எடுத்தால் அது ஒரு ஆள் மாதிரி நம்மைப் பார்க்கும்.

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தள்ளி நிற்பதில் இன்னொரு லாபம் ஃபோகஸ். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (ஒளியைப் பிடிக்கும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம்) 50 மில்லிமீட்டர் லென்ஸ், அபெர்ச்சர் 1.8 (லென்ஸின் துளை நன்றாகத் திறந்த நிலை), அரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஒரு மாத நாய்க்குட்டிக்கு மூக்கிலிருந்து கண் வரையிலான நீளமே அதைவிட அதிகம். மூக்கைப் பிடித்தால் கண் மங்கும், கண்ணைப் பிடித்தால் மூக்கு மங்கும், அதற்குள் குட்டி தும்மிவிடும். அதே லென்ஸோடு ஒரு மீட்டருக்குப் போனால் அந்த ஒரு சென்டிமீட்டர் நான்காகிறது, ஏனென்றால் இது தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். போனில் சென்சார் சின்னது என்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் போர்ட்ரெய்ட் மோட் போட்டால் மென்பொருள் பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கும்போது மீசையில் பாதியையும் சேர்த்து மேய்ந்துவிடும்.

சரி, அந்த இரண்டு வால். வீட்டுக்குள் சாயங்கால விளக்கு வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம், வெளியே நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் இதைச் சமாளித்துக்கொள்வதால் வீடு இருட்டு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. போன் மட்டும் திணறிப்போய், ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அல்லது நைட் மோடில் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். குட்டி ஒரு இடத்தில் இருந்தால் சரி. வாலை ஆட்டினால், முதல் படத்தில் இங்கே, அடுத்ததில் அங்கே. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குட்டி தாவினால் 1/50 வினாடியில் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/1000 வினாடியில் ஒரே ஒரு மில்லிமீட்டர். அதனால் பகலில், ஜன்னல் ஓரமாக, நைட் மோடை அணைத்துவிட்டு எடுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறிப் படம் கொஞ்சம் மணல் மணலாக இருந்தால் பரவாயில்லை, அதைப் பின்னால் சரிசெய்யலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபிளாஷ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பூனை, நாய், மான் இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு அடுக்கு இருக்கிறது, உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்புத் தரும், இருட்டில் பார்க்க உதவும். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருந்தால் போன ஒளி அதே வழியில் நேராக லென்ஸுக்குள் திரும்பி வந்து கண் டார்ச் மாதிரி எரிகிறது. இங்கேயும் தீர்வு தூரம்தான், இந்த முறை ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் நடுவே. ஃபிளாஷைத் தனியே கழற்றிப் பக்கத்தில் பிடித்தாலோ கூரையைப் பார்த்துத் திருப்பினாலோ அந்தப் பேய்க்கண் போய்விடும். பல நாய்க்குட்டிகளுக்கு இந்த அடுக்கு முழுதாக வளர நான்கு மாதம் ஆகும், அதற்கு முன் கண் நீலமாக மின்னும். கண்ணே நீலமாகத் தெரிவது வேறு கதை: பூனைக்குட்டியின் கண்ணில் நிறமி இன்னும் சேரவில்லை, ஒளி சிதறி நீலம் தெரிகிறது. ஆறேழு வாரத்தில் உண்மையான நிறம் வர ஆரம்பிக்கும், நீலக்கண் படம் வேண்டுமென்றால் அதற்குள் எடுத்தாக வேண்டும்.

எல்லாரும் தவிர்க்க நினைக்கிற இந்தக் கண் மின்னலையே ஒருவர் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். அமெரிக்கர் ஜார்ஜ் ஷைராஸ் இரவில் படகின் முன்னால் விளக்கை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போவார், கரையில் இரண்டு புள்ளி மின்னினால் அங்கே மான் நிற்கிறது என்று அர்த்தம், உடனே மெக்னீசியம் பொடியைப் பற்றவைத்துப் படமெடுப்பார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

கறுப்புக் குட்டி சாம்பலாக வந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் குறையுங்கள், வெள்ளைக் குட்டி அழுக்காக வந்தால் கூட்டுங்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிகளை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்துக் கூடையில் வைத்து அலங்காரம் செய்யாதீர்கள். அவற்றால் உடல் சூட்டைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறமைகூட அப்போது வந்திருக்காது.

காட்டுக்குப் போனால் நிலைமை தலைகீழ், அங்கே சில குட்டிகள் அசையவே அசையாது. புல்லுக்குள் சுருண்டு கிடக்கும் மான்குட்டி, முதுகில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்த மாதிரி கோலம், இரண்டடியில் போய் நின்றாலும் ஓடாது. இதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் அது பயந்து உறைந்திருக்கிறது. பல மான் இனங்களில் தாய் குட்டியை ஒளித்துவிட்டு மேயப் போய்விடும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். குட்டிக்கு உடல் வாசனை மிகக் குறைவு, ஓடித் தப்பிக்கக் காலில் தெம்பில்லை, அசையாமல் கிடப்பதுதான் அதன் ஒரே ஆயுதம். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்குட்டிகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: ஆபத்து நெருங்கும்போது இதயம் படபடக்காமல் துடிப்பு சட்டென்று குறைந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். நாம் அங்கே நிற்கிற வரை தாய் திரும்பாது, குட்டியின் பசி நீளும். பாவம் அநாதைக் குட்டி என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். வளை தோண்டாத ஐரோப்பிய முயலை (ஹேர்) கேட்டால் இன்னும் கண்டிப்பான தாய், சூரியன் மறைந்த பிறகு நாளுக்கு ஒரு தடவை வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கும் முயல்குட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

யானைக்கன்று, குதிரைக்குட்டி எல்லாம் வேறு கட்சி. பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து தாயோடு நடந்துவிடும். அங்கே எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைத் தாயே உங்களுக்குப் புரியவைத்துவிடும்.

பறவைக் கூடுதான் எனக்கு உறுத்தல். முட்டையிலிருந்து புதிதாக வந்த பாட்டுப் பறவைக் குஞ்சுக்கு இறகு கிடையாது, தாய் மேலே உட்கார்ந்திருப்பதுதான் அதன் சூடு, உச்சி வெயிலில் அதுவே நிழல். படத்துக்கு மறைக்கிறதே என்று ஒரு கிளையை ஒடித்தால் அந்த நிழலும் போச்சு, காக்கைக்கு ஜன்னலும் திறந்தாச்சு. கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளை நெருங்கினால் பறக்கத் தெரியாமலேயே கூட்டிலிருந்து குதித்துவிடும். கூட்டுப் படங்களே வேண்டாம் என்று சில போட்டிகள் விதி வைத்திருப்பது இதற்காகத்தான். மனித வாசனை பட்டால் தாய் குஞ்சைக் கைவிட்டுவிடும் என்பது மட்டும் கட்டுக்கதை. வாசனையை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்கள் அங்கே நிற்பதுதான் அதற்குப் பிரச்சினை.

கூடு இருக்கும் மரத்தைப் பார்க்க நேர்ந்தால் தாயின் அலகைக் கவனியுங்கள். புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, கத்தி, இன்னொரு கிளைக்கு மாறி, திரும்ப வந்து உட்காருகிறது என்றால் நீங்கள் கிட்டே இருக்கிறீர்கள். பின்னால் நகருங்கள். அது உள்ளே போய் ஊட்டிவிட்டு வெறும் அலகோடு வெளியே வருகிற வரை நகர்ந்துகொண்டே இருங்கள். அந்த இடம் 20 மீட்டரில் அமைந்தது என்று வையுங்கள், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் படத்தின் அகலம் 1.8 மீட்டர் வரும், 15 சென்டிமீட்டர் பறவை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 6000 பிக்செல் அகலமுள்ள படத்தில் 500 பிக்செல். வெட்டியெடுத்து போனில் பார்த்தால் புழு நெளிவதுகூடத் தெரியும்.