ரஷ்ய காலேஜ் லவ் ஸ்டோரி எழுதறீங்களா? அந்தப் பனியைக் கொஞ்சம் ஓரமா வைங்க

ஆன்லைன் தொடர்கதைகளுக்கு எடிட்டிங் பண்றதுதான் நம்ம பொழப்பு. ரஷ்ய யுனிவர்சிட்டில நடக்கற காதல் கதைன்னு வர்றதையெல்லாம் தொறந்தா பனி, வோட்கா, நீலக்கண்ணு, மாஃபியா அப்பா, அவ்ளோதான் இருக்கு. ஊர் பேரை மட்டும் ஊட்டின்னு மாத்திட்டா கதை பாட்டுக்கு அப்படியே ஓடும், அப்புறம் எதுக்கு ரஷ்யா?

காதல் கதைன்னா நடுவுல ஒரு தடை வேணும், சரி. ஆனா அங்க படிக்கிற பசங்களுக்கு நிஜமான தடை எக்ஸாம் ஹால்லயும் ஹாஸ்டல் வாசல்லயும்தான் இருக்கு, மாஃபியால்லாம் தேவையே இல்ல.

எக்ஸாமையே எடுத்துக்குவோம். செப்டம்பர் 1 கிளாஸ் ஆரம்பம், டிசம்பர் கடைசில பாஸ் ஃபெயில் மட்டும் போடற டெஸ்ட், நியூ இயர் லீவு முடிஞ்சதும் ஜனவரில மெயின் எக்ஸாம். நிறைய எக்ஸாம் வாய்மொழிதான், டேபிள்ல கவுத்து வச்சிருக்கற சீட்டுல ஒண்ணை உருவணும், அதுல இருக்கற கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசிச்சு வச்சுட்டு வாத்தியார் எதிர்ல உக்காந்து சொல்லணும். மார்க் 5, 4, 3, 2தான், 2 வந்தா ஃபெயில். முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் ஜன்னலைத் தொறந்து ஸச்சோத்கான்னு சொல்ற மார்க் புக்கை வெளிய நீட்டி "ஹல்யாவா, ப்ரிதீ!"ன்னு கத்துவாங்க, அதாவது ஓசில வர்ற அதிர்ஷ்டமே உள்ள வான்னு. கத்தி முடிச்சு புக்கை மூடிட்டா எக்ஸாம் வரைக்கும் தொறக்கக் கூடாது. எதிர் பிளாக் ஜன்னல்லயும் ஒருத்தி அதே நேரம் தலையை நீட்டிக் கத்துறான்னு வைங்க, முதல் சந்திப்பு ரெடி, ஹீரோயின் பனில வழுக்கி ஹீரோ மேல விழ வேண்டாம். (இப்ப நிறைய இடத்துல மார்க் புக் எலக்ட்ரானிக் ஆயிடுச்சு, கதை எந்த வருஷம்னு பார்த்துக்கோங்க.)

இதுல இன்னொண்ணு இருக்கு. கவர்மென்ட் செலவுல ஃப்ரீ சீட்ல படிக்கறவங்களுக்கு ஸ்டைபண்ட் வரணும்னா ரிசல்ட்ல ஒரு 3 கூட இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஊர் சுத்திட்டு மறுநாள் போய் 3 வாங்கினா காசு கட். பையன் ஃபெயிலானா ரெண்டு தடவை திரும்ப எழுதலாம், ரெண்டாவது தடவை ஒரு கமிட்டி முன்னாடி, அதுலயும் போச்சுன்னா டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனா படிப்பைக் காட்டி கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப் போட்டதும் போச்சு. 2024ல இருந்து 30 வயசு வரைக்கும் கூப்பிடலாம்னு சட்டம், முன்னாடி 27. இவ்ளோ கனமான விஷயம் கையில இருக்கும்போது வில்லனுக்கு எதுக்கு துப்பாக்கி?

அதனாலதான் எழுத்தாளர்கள்கிட்ட முதல்ல கேக்கறது, கதை 2022 பிப்ரவரி 24க்கு முன்னாடியா பின்னாடியா? அன்னிக்குத்தான் ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்துச்சு, போருக்கு அப்புறம்னா எல்லாமே வேற. மார்ச்லயே இன்ஸ்டாகிராம் பிளாக், ஹீரோ ரீல்ஸ் பார்க்கணும்னாலும் விபிஎன் வேணும், மத்தபடி அப்ப டெலிகிராம், விகேங்கற ரஷ்ய சோஷியல் மீடியா, அவ்ளோதான். செப்டம்பர்ல போருக்கு ஆள் திரட்ட ஆரம்பிச்சதும் ஜார்ஜியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கிளம்பிப் போனவங்க ஏராளம். ரெகுலர் மாணவர்களுக்கு அப்ப விலக்கு இருந்துச்சு, ஆனா படிப்பு முடிஞ்சதும் என்னங்கற பயம் அந்த ஜோடிக்கு நடுவுல உக்காந்திருக்குமே, அதை எழுதாம எப்படி? ரெண்டு பசங்களோ ரெண்டு பொண்ணுங்களோ காதலிக்கற கதைன்னா இன்னும் கவனம் வேணும், 2023 நவம்பர்ல அங்க சுப்ரீம் கோர்ட் எல்ஜிபிடி இயக்கத்தையே தீவிரவாதம்னு அறிவிச்சாச்சு, கேம்பஸ்ல கைகோர்த்து நடக்கற சீன் எழுதினா நம்ப முடியாது.

அடுத்து, எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம். ரஷ்யப் பொண்ணுன்னா "ஈஸி"ன்னு எழுதறது. ஒரு கதைல ஹீரோயின் முதல் நாளே ஹீரோவைக் கட்டிப்பிடிச்சு ரூமுக்குக் கூப்பிடறா. அவ என்ன சப்ஜெக்ட் படிக்கறா, சொந்த ஊர் எதுன்னு மார்ஜின்ல கேட்டு அனுப்பினேன், எழுதினவருக்கே தெரியல. சரி, அந்த ரூமுக்குத்தான் எப்படிப் போவாங்க? கீழ வாட்ச்மேன் பாட்டி உக்காந்திருப்பாங்க, வெளியாள்னா டாக்குமென்ட்டைக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும், பெரும்பாலும் ராத்திரி 11க்குள்ள கிளம்பிடணும், ரூம்ல வேற இன்னும் ரெண்டு மூணு பேரு. இப்படி எழுதறதைப் படிச்சுட்டுத்தான் இங்கேருந்து அங்க மெடிசின் படிக்கப் போற நம்ம பையனும் கூடப் படிக்கறவளைத் தப்புக் கண்ணோட பார்ப்பான், அது கதையோட நிக்கற விஷயம் இல்ல.

அப்புறம் சின்னச் சின்னது. பொக்கேல ஒத்தைப்படை எண்ணிக்கைதான், இரட்டைப்படை சாவுக்கு. பீட்டர்ஸ்பர்க்ல ஜூன்ல ராத்திரியும் வெளிச்சமா இருக்கும், சம்மர் எக்ஸாமும் அப்பதான். கப்பல் போறதுக்காக நேவா ஆத்துப் பாலங்களை நடுராத்திரி தூக்கிடுவாங்க, அந்த ஆத்துல இருக்கற வசீலியெவ்ஸ்கி தீவுல ஹாஸ்டல்னா ரெண்டு பேரும் விடியற வரைக்கும் இந்தப் பக்கமே மாட்டிக்கலாம், ஆனா ஆறு உறைஞ்சு கிடக்கற ஜனவரில பாலம் தூக்கினாங்கன்னு எழுதி அனுப்பாதீங்க. வாத்தியாரை "சார்"னு கூப்பிட மாட்டாங்க, பேரும் அப்பா பேரும் சேர்த்துத்தான், செர்கெய் பெட்ரோவிச்ங்கற மாதிரி. சாஷான்னு பேர் வச்சா ஆணா பொண்ணான்னு முதல் பாராலயே தெளிவு பண்ணிடுங்க. ஹீரோயின் நடாஷா இவனோவ் கிடையாது, இவனோவா, பொண்ணுன்னா இந்த மாதிரி குடும்பப் பேர் கடைசில ஒரு "ஆ" சேரும்.