முதலில் குளிர வையுங்கள், வண்டியில் ஏற்றுவது அப்புறம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்று ஒரு கடலோர ஊர். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அங்கே ஆண்டுதோறும் 7 மைல் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 18 ஆண்டுப் பந்தயங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்கள் 274 பேர். அவர்களின் உடல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. அத்தனை பேரும் பிழைத்தார்கள்! பந்தயம் முடியும் இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகள் தயாராக இருந்தன. விழுந்தவரைத் தூக்கி உடனே அதில் இறக்கினார்கள்.

கத்திரி வெயிலில் கட்டட வேலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடாவை ஊற்றி, ஆட்டோவில் ஏற்றுகிறோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. அந்த அரை மணி நேரம்தான் உயிர். வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதைவிட, 40 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் மூளையையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

உடம்பு தன்னைக் குளிர்விக்க நம்பியிருப்பது வியர்வையை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் அது சொட்டிக் கீழே விழுகிறதே தவிர, வெப்பத்தைக் கொண்டு போவதில்லை. இன்னொரு பக்கம், தோலைக் குளிர்விக்க ரத்தம் வெளிப்பக்கம் திரும்புவதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. குடல் சுவர் கசிந்து, பாக்டீரியா நச்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன.

இது காய்ச்சல் இல்லை. காய்ச்சலில் மூளையே உடம்பின் இலக்கு வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் இலக்கு 37-லேயேதான் இருக்கிறது, உடம்பால்தான் அதை எட்ட முடியவில்லை. அதனால் மாத்திரை உதவாது. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தியைப் பாருங்கள். பேர் கேட்டால் உளறுகிறாரா, தள்ளாடுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா, வலிப்பு வருகிறதா? வெயிலில் வேலை செய்தவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வியர்க்குதே, ஒண்ணும் இருக்காது" என்று விட்டுவிடாதீர்கள். தோல் காய்ந்து போவது வீட்டுக்குள் வெந்து கிடக்கும் முதியவர்களிடம் அதிகம். உழைத்து விழுந்தவர் நனைந்தே இருக்கலாம்.

ஐஸ் தண்ணீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே அடைபடும் என்று டாக்டர்கள் பலரே முன்பு பயந்தார்கள். அளந்து பார்த்தபோது ஐஸ் தண்ணீர்தான் மற்ற வழிகளை முந்தியது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஃபால்மவுத்தில் உடல் வெப்பம் சராசரியாக நிமிடத்துக்கு 0.2 டிகிரிக்குச் சற்று மேலாக இறங்கியது.

சரி, நம்மிடம் தொட்டி இல்லையே? தார்ப்பாய் போதும். மூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். நிழலில் தார்ப்பாயை விரித்து, ஆளைப் படுக்க வைத்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. தண்ணீரையும் கிடைத்த ஐஸையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தார்ப்பாயும் இல்லையென்றால் பம்புசெட் தண்ணீரை விடாமல் உடம்பெல்லாம் ஊற்றுங்கள். முதியவர் என்றால் நனைத்துவிட்டு மின்விசிறியை வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய்விடும்.

108 வந்ததும் அவர்களிடம் இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள்: ஆள் விழுந்தது எப்போது, தண்ணீர் ஊற்றத் தொடங்கியது எப்போது. வெப்பமானி வைத்து 39 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டதா என்று அவர்கள் பார்க்கும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம்.